மழையை எடுத்துவிடலாம்

நான் சினிமா பார்க்கப் போனால் இடைவேளையில் எழுந்து வெளியே போவதில்லை. போனால் பாப்கார்ன் வரிசையில் நிற்பவர்கள் பேசுவது காதில் விழும். அப்புறம் எது நம் கருத்து, எது ஊர்க் கருத்து என்று பிரித்துப் பார்க்க முடியாது. இருபத்திரண்டு வருடமாக இதைக் கடைப்பிடித்து வருகிறேன். இதையும் உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு கதை விவகாரத்துக்காகத் திரை எழுத்தாளர்களின் விசாரணைக் குழு சென்னையிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் ஆள் அனுப்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்துவிட்டீர்கள். மறைக்காமல் சொல்வதுதான் மரியாதை. போனை மேசையிலேயே வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஃபேனை மட்டும் குறைத்துவிடுகிறேன், இரைச்சல் விழும்.

என் பெயர் சௌந்தரபாண்டியன். தீப்பெட்டிக் கம்பெனி அப்பா ஆரம்பித்தது. இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான், நான் பெயருக்குப் பங்குதாரர். என் வேலை விமர்சனம். ‘கரிசல் திரை வட்டம்’ என்று ஓர் அமைப்பு நடத்துகிறேன். பதினோரு உறுப்பினர்கள். அதில் ஏழு பேர் எங்கள் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று சிலர் கேலி பேசுவார்கள். ரசனைக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம். ‘திரைத் திறனாய்வுச் செம்மல்’ என்ற பட்டத்தை எனக்குக் கொடுத்தது வேறோர் அமைப்பு. அதற்கும் நான்தான் தலைவர் என்றாலும், பட்டம் யாருக்கு என்று முடிவெடுத்த கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை.

என் துறை ஒன்றுதான். நல்ல நல்ல நடிகர்களாகச் சேர்ந்து, கதை காலை வாரிவிட்ட படங்கள். முந்நூற்றுப் பதினான்கு எழுதியிருக்கிறேன். ‘நட்சத்திரங்கள் எல்லாம் வந்துவிட்டன, வானத்தைத்தான் காணோம்’ என்ற வாக்கியம் என்னுடையது. பலர் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், நான் வழக்குக்குப் போகவில்லை.

அந்தப் படங்கள் ஏன் விழுகின்றன என்பதற்கு நான் ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவில் பரிவட்டம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு குடும்பத்துக்கு உரிமை இருந்தால் ஆறு தலைக்கும் துணி கட்டியாக வேண்டும். ஒரு தலை விட்டுப்போனால் வெட்டுக்குத்து. ஆறாவது தலைக்குக் கட்டி முடிக்கும்போது சாமியாடி அலுத்துப்போய் ஓரமாக உட்கார்ந்திருப்பார். பெரிய நடிகர்கள் சேருகிற படமும் அதேதான். ஆளுக்கு ஓர் அறிமுகக் காட்சி, ஆளுக்கு ஓர் அழுகை, ஆளுக்கு ஒரு வசனம். எல்லார் தலையிலும் பரிவட்டம் இருக்கும், கதையைத்தான் தேட வேண்டும்.

எலும்பு வைத்தியனுக்கு எங்கே பிடித்தால் சேரும் என்று தெரிந்திருப்பதைப் போல எங்கே தட்டினால் ஒடியும் என்றும் தெரிந்திருக்கும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இசக்கிராஜாவும் நானும் பள்ளியிலிருந்து கல்லூரி வரை ஒரே பெஞ்சு. ஆனாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். ஆட்டுக் கிடை போடுகிற குடும்பம். இப்போதும் முப்பது ஆடு, கயத்தாறு பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி. கல்லூரி ஆண்டு விழாவில் நான் எழுதிய சிறுகதையைப் பதினான்கு பக்கம் மேடையில் வாசித்தேன். எனக்கு அடுத்ததாக அவனைப் பேசச் சொன்னார்கள். கையில் தாள் இல்லை. எட்டயபுரம் சந்தையில் விற்ற கடா ஒன்று இரண்டாம் நாள் வீடு திரும்பி வந்ததைச் சொன்னான். அஞ்சு நிமிஷம். இருபத்தைந்து வருடம் கழித்துப் பழைய மாணவர்கள் கூடினபோதும் அந்தக் கடாவைப் பற்றித்தான் கேட்டார்கள். அதன் பெயர்கூட அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. என் கதையின் தலைப்பை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பொறாமையில் சொல்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். தகவலாகச் சொல்கிறேன்.

அவன் எழுதிய கதை உங்களுக்குத் தெரியும் என்றாலும் பதிவுக்காகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத்தாய் என்கிற பெண் பதினான்கு வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். கொலையைச் செய்தது அண்ணன், ஏற்றுக்கொண்டு போனது இவள். அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு வேளைச் சோறு சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடலாம் என்றுதான் வருகிறாள். அவள் படியேறும்போது மழை பிடித்துக்கொள்கிறது.

கரிசலில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டு எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ மண் ஏறிவிடும். மாட்டு வண்டிச் சக்கரம் சுற்றாது. மண்சாலைக்குள் பஸ் வராது. ஆக அவளோடு சேர்த்து ஆறு பேர் அன்றைக்கு முழுக்க ஒரே வீட்டுக்குள் இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் பேசுகிறார்கள், அந்த ஒன்றைத் தவிர. கடைசியில் அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி, மற்றத் தட்டுகளோடு சேர்க்காமல் தனியாகக் கவிழ்த்து வைக்கிறாள். அண்ணன் அதைப் பார்க்கிறான். கதை முடிந்தது.

இதை அவன் முதலில் அவன் மனைவி சந்தனமாரியிடம் சொன்னான். இரண்டாவதாக என்னிடம் சொன்னான். இரண்டாவதாக.

கேட்டு முடித்தபோது என் முன்னால் இருந்த டீயில் ஆடை கட்டியிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

இயக்குநர் விஜயராஜ் கயத்தாற்றுக்காரர், சென்னையில் இரண்டு படம் எடுத்தவர். அவர் இசக்கியைக் கூட்டிக்கொண்டு போய் ஆறு நடிகர்கள் வீட்டிலும் உட்கார வைத்தார். நம் சினிமாவில் யாரும் கதையைப் படிப்பதில்லை, கேட்கிறார்கள். நானூறு பக்கத்துக்கு ஒரு நீளமான நோட்டில் அவன் பென்சிலால் எழுதி வைத்திருந்தான், ஆனால் அதை யாருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை. பிரதி எடுக்கவும் தோன்றவில்லை. ஆறு பேரும் கதை கேட்டே சம்மதித்தார்கள், வெள்ளைத்தாயாக நடிக்க ஜெயப்பிரியா உட்பட. ஆறு பேரும் தனித்தனியாகப் படத்தைத் தோளில் தூக்குகிறவர்கள். என் முந்நூற்றுப் பதினான்கு விமர்சனங்களிலும் அப்படியோர் அணி கிடையாது.

திரும்பி வந்த அன்று நேரே என் வீட்டுக்குத்தான் வந்தான்.

“அண்ணாச்சி, ஜெயப்பிரியா அம்மா தட்டைக் கவுக்குற எடத்துல எந்திரிச்சு உள்ள போயிட்டாவ. அழுதிருக்காவ போல. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. காப்பி குடிச்ச டம்ளரை நானே கழுவிக் கவுத்திட்டு வந்துட்டேன்.”

“டம்ளரைக் கழுவினியா? அவிய வீட்டுல அதுக்கு ஆள் இருக்கும்ல.”

“இருந்தாவ. அந்தாளும் அழுதுக்கிட்டுதான் நின்னாரு.”

கதை விவாதத்துக்கு என்னையும் உட்கார வைக்க வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னதும் அவன்தான். “படத்துல எங்கன ஓட்டை விழும்னு அண்ணாச்சிக்குத்தான் சார் தெரியும்” என்றானாம். டைட்டிலில் ‘வட்டார ஆலோசகர்’ என்று என் பெயர் தனி அட்டையாக வரும் என்று முடிவாயிற்று. ஆகவே, நானாக நுழைந்தேன் என்று சந்தனமாரி புகாரில் எழுதியிருப்பது தவறு. நான் அழைக்கப்பட்டவன்.

லாட்ஜில் நான்கு நாள் விவாதம் நடந்தது. முதல் இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் விஜயராஜ் கவலையாக இருந்தார். ஆறு பேருடைய தேதியும் ஒன்றாகக் கிடைப்பது ஒரே மாதத்தில், மழை அந்த மாதத்தில் வருமோ வராதோ என்றார். நான் சொன்னேன்:

“வராட்டி செயற்கை மழை பெய்ய வைக்கலாம். ஆனா கரிசல்ல தண்ணி விட்டீங்கன்னா உங்க கேரவன் ஆறும் புதைஞ்சுக்கிடும். கிரேன் எறங்காது. நடிகருக கால் சுளுக்கிச்சுன்னா படம் நிக்கும். மழையை எடுத்துவிடலாம்.”

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நீங்கள் வேளாண்மைத் துறையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இசக்கி என்னைப் பார்த்தான். “மழை இல்லாட்டி அவிய ஏன் அண்ணாச்சி வீட்டுக்குள்ளேயே கெடக்காவ? அந்தப் பிள்ளை அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவாளே.”

“பாசத்துல இருக்கான்னு வச்சிக்கிடுவோம்.”

“பாசம்” என்று விஜயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது குடும்பத்து ஆளுகளுக்குப் பிடிக்கும்.”

அவ்வளவுதான். அந்த ஓர் ஆணியைப் பிடுங்கினால் மற்றவை தானாகக் கழன்று விழும் என்று எனக்குத் தெரியும். மழை போனதும் வீட்டுக்குள் இருக்கிற காட்சிகளுக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. ஆகவே ஆட்களை வெளியே அனுப்ப வேண்டி வந்தது. வெளியே போனவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். அண்ணனாக நடிப்பவருக்கு ஒரு சண்டை. மருமகனுக்குப் பாட்டு. கிழவருக்கு ஒரு மாரடைப்பு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலில் அண்ணன் வெயிலில் நின்று சத்தியம் செய்கிற காட்சியை நான்தான் சொன்னேன். அவர் கட்டபொம்மன் சிலை மாதிரியே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஆறு தலைக்கும் பரிவட்டம் கட்டிவிட்டோம். கடைசியில் வெள்ளைத்தாய் தட்டைக் கவிழ்க்கிற இடத்துக்கு மூன்று நிமிட வசனம் வைத்தோம். “அவ்வளவு பெரிய நடிகையை வாயை மூடிக்கிட்டு நிக்கச் சொன்னா ரசிகர்கள் சும்மா இருப்பாவளா” என்று கேட்டேன். நியாயமான கேள்வி.

ஒவ்வொரு மாற்றத்தையும் இசக்கியின் கையாலேயே எழுத வைத்தோம். நான்காம் நாள் பென்சிலைச் சீவிச் சீவிப் பாதியாக்கியிருந்தான். “அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று இரண்டு தடவை சொன்னான். இரண்டாவது தடவை அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

படம் வந்தது. என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்த் தியேட்டரில் என் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் பக்கத்து ஆளிடம் கேட்டான்: “ஏலே, அந்தம்மாதான் பஸ்ஸேறிப் போயிர வேண்டியதுதான? யாரு பிடிச்சு வச்சிருக்கா?” என் விமர்சனத்தின் முதல் வரியாக அதையே வைத்தேன். ஆறு பேர் ஏன் ஒரு வீட்டில் இருக்கிறார்கள் என்பதைக்கூட யோசிக்காத எழுத்தாளர், ஆறு மகா கலைஞர்களை வீணடித்துவிட்டார் என்று எழுதினேன். என் வாழ்நாளிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதுதான். நாற்பதாயிரம். நேர்மையாக எழுத வேண்டும் என்பதற்காக வட்டார ஆலோசகரையும் ஒரு வரி கண்டித்திருந்தேன். பெயர் போடவில்லை.

இசக்கியின் புகைப்படத்தை ஆட்டுத் தலையோடு ஒட்டிப் பரப்பினார்கள். கதையை ஆடு மேய்ந்துவிட்டது என்றெல்லாம் எழுதினார்கள். அது நான் செய்ததில்லை. ஒன்றுக்கு மட்டும் விருப்பம் போட்டேன், அதுவும் கை பட்டு.

மறுநாள் அவன் வந்தான். போனில் என் விமர்சனத்தைத் திறந்து வைத்திருந்தான்.

“நீங்க எழுதினது சரிதான் அண்ணாச்சி. நான் யோசிச்சிருக்கணும்.”

அவன் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

அதன் பிறகு அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. திருநெல்வேலியில் மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் பகலிலும் அரைக்கண்ணாக உட்கார்ந்திருப்பான். சந்தனமாரி ஒருநாள் மஞ்சள் பையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, இவிய நோட்டை அடுப்புல வைக்கப் போனாவ. புடுங்கிக்கிட்டு வந்துட்டேன். மாத்தி எழுதினதெல்லாம் வேற தாளு, இது முதல்ல எழுதினது. உங்க பீரோவுல இருக்கட்டும். அவிய கண்ணுல பட வேண்டாம்.”

வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இதுவும் நானாகக் கேட்டதில்லை.

சுதாராணி என்ற பெண் இயக்குநர் போன் செய்தது அதற்கு நாலு மாதம் கழித்து. ஜெயப்பிரியா அம்மா அவரிடம், நாங்கள் கேட்ட கதை வேறு, அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை என்று சொன்னார்களாம். அந்தப் பழைய கதையை அப்படியே எடுக்க ஆசைப்படுவதாகவும், ஆறு பேரில் நான்கு பேர் மறுபடி வரச் சம்மதித்திருப்பதாகவும், தானே கோவில்பட்டி வந்து இசக்கி வாயால் கேட்க விரும்புவதாகவும் சொன்னார். சந்தனமாரி இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. படம் போனாலும் பேர் திரும்பி வந்துவிடும் என்றாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

இசக்கிக்கு இரண்டு கதையும் கலந்துபோயிருந்தது. ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகத் தன் கையாலேயே எழுதியவன், மாத்திரை வேறு. நோட்டு என்னிடம் இருப்பதைச் சந்தனமாரி சொல்ல, ஒரு மாதம் தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். “நோட்டை என் கண்ணுல காட்டாதீங்க அண்ணாச்சி. நீங்க படிங்க, நான் கேட்டுக்கிடுதேன்” என்றான். நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தேன்.

நோட்டில் இருந்ததைப் படிக்கவில்லை.

“படியேறும்போது வெயில் நெருப்பாக அடித்தது” என்று படிப்பேன். என் கண்ணுக்கு நேரே, அவன் பென்சில் எழுத்தில், மழை விழுகிற சத்தம் ஓட்டின் மேல் எப்படிக் கேட்கும், ஒழுகுகிற இடத்தில் எந்தப் பாத்திரத்தை வைப்பார்கள் என்று ஒன்றரைப் பக்கம் இருக்கும். முதல் வாரம் அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “மழை வரும்லா அண்ணாச்சி” என்றான். “எங்கடே வருது, நீ எழுதினதைத்தான படிக்கேன்” என்றேன். இரண்டாம் வாரம் கேட்கவில்லை. நான்காம் வாரம் வெயிலை அவனே சொன்னான். கோட்டைச் சத்தியத்தைக்கூட அவனே சொன்னான். எழுதி வைத்ததைவிடத் தன் ஞாபகம் பெரிதில்லை என்று நம்புகிற மனுசன் அவன். அவனுடைய அந்த அடக்கத்தை நான் எப்போதும் மதித்திருக்கிறேன்.

சுதாராணி வந்தார். இசக்கி வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோம். கடம்பூர்ப் போளி வாங்கி வைத்திருந்தார்கள். இசக்கி ஆரம்பித்தான். “அன்னைக்கு நல்ல வெயிலும்மா…”

அவர் மெதுவாகக் குறுக்கிட்டார். “சார், மழைன்னு சொன்னாங்களே? ஜெயப்பிரியா அம்மா மழையைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனாங்க.”

இசக்கி சுதாராணியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். சிறு பிள்ளை மாதிரி கேட்டான்.

“அண்ணாச்சி, மழையா பெஞ்சுது?”

அறையில் மூன்று பேர் இருந்தோம். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது.

“இல்லடே” என்றேன். “வெயில்தான்.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டு சொல்லத் தொடங்கினான். கோட்டை வரைக்கும் வந்தான். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டுக் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார், போளியைப் பிய்த்துத் தின்றார், போய்விட்டார். அதற்குப் பிறகு இசக்கி யாரிடமும் எந்தக் கதையும் சொல்வதில்லை. ஆடு எங்கே போச்சு என்று கேட்டால்கூடக் கையைக் காட்டுகிறான்.

அன்றைக்குச் சந்தனமாரி என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

“அண்ணாச்சி, நான் பாத்திரம் வெளக்கிக்கிட்டே முதல்ல கேட்டவ. மழை பெஞ்சுது. நோட்டைத் தாங்க, பாத்துருவோம்.”

“பூச்சி அரிச்சிருச்சு தாயி. தூக்கிப் போட்டுட்டேன்.”

“இரும்புப் பீரோவுக்குள்ளயா? அது என்ன பூச்சி அண்ணாச்சி, பூட்டைத் தொறந்துக்கிட்டுப் போகுமோ?”

அவளுக்கு எப்போதும் வாய் அதிகம். உங்களுக்குப் புகார் எழுதியது அவள் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் புகாரில் இல்லாத ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் நான் சென்னைக்குப் போய்ச் சுதாராணியைப் பார்த்தேன். என்னிடம் சொந்தமாக ஒரு கதை இருக்கிறது என்றேன். உட்காரச் சொன்னார். ஊரையும் பெயர்களையும் மாற்றி, மற்றதையெல்லாம் நோட்டில் இருந்தபடியே சொன்னேன். ஒரு காற்புள்ளி விடவில்லை. அந்தப் பெண் படியேறுகிறாள், மழை பிடித்துக்கொள்கிறது என்று சொன்ன உடனே அவர் குறிப்பெடுப்பதை நிறுத்தினார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த மழை உங்களுக்கு எங்கே கிடைச்சுது சார்?”

“சொந்த அனுபவம்மா.”

அதன் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தட்டைக் கவிழ்க்கிற இடம் வந்தது. இசக்கி சொல்லும்போது பெரிய நடிகையே எழுந்து உள்ளே போன இடம். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வாசல் வரை வந்து, சொல்லி அனுப்புகிறேன் என்றார். பத்தாம் நாள் உங்கள் குழுவின் கடிதம் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்புகிற ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் இருபத்திரண்டு வருடம் சினிமாவைப் படித்த மனுசன். எனக்குக் குரல் இருக்கிறது, உச்சரிப்பு இருக்கிறது. நான் சொல்லியும் ஒருவர் அசையவில்லை என்றால் கோளாறு என்னிடம் இருக்க வழியில்லை. கதையில்தான் இருக்க வேண்டும். மழை வந்த இடத்தில் அவருடைய கவனம் போனதை நானே கண்ணால் பார்த்தேன். ஆக, லாட்ஜில் நான் சொன்னதுதான் ஆரம்பத்திலிருந்தே சரி. அந்த நோட்டு அப்போதும் பலவீனமாகத்தான் இருந்திருக்கிறது. இசக்கி சொல்லுகிற திறமையில் நாங்கள் எல்லாரும் ஏமாந்திருக்கிறோம், ஆறு நடிகர்கள் உட்பட.

இதை உணர்ந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நோட்டு இருக்கிறது. பூச்சி அரிக்கவில்லை. எடுத்துத் தருகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் படிப்பதற்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். மூன்று மாதமாக உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். ரப்பர் வைத்து அழித்துவிட்டு மையால் எழுதினேன், பென்சில் நிற்காது என்பதற்காக. நானூறு பக்கத்தில் அவன் எழுதின வரி என்று இப்போது எதுவும் மிச்சம் இல்லை.

முதல் பக்கத்தில் அவன் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நான் தொடவில்லை. ஒருத்தன் உழைப்பில் நம் பெயரைப் போட்டுக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.